எழுதக் கைவராத சொல்

கிருபாசங்கருக்கு ஆங்கிலத்திலேயே மிகவும் பிடித்த சொல் 'லைக்லி'. பேரிங் போய்விடும் போல இருந்தாலும் லைக்லி, பெல்ட் அறுந்துவிடும் போல இருந்தாலும் லைக்லி. மாதம் அறுபது வரி வாக்கில் எழுதுவார். அறுபதிலும் அந்தச் சொல் சட்டமாக உட்கார்ந்திருக்கும். உடைந்தால் 'அப்போதே சொன்னேனே' எனலாம், உடையாவிட்டால் 'உடையுமென்று நான் எங்கே சொன்னேன்' எனலாம். ஒன்றிலும் மாட்டிக்கொள்ளாமல் சம்பளம் வாங்க இதைவிட வசதியான சொல் வேறெந்த மொழியிலும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

அவர் வேலை பார்த்தது கோயம்புத்தூர் கணபதியில், ஒரு சின்ன அலுவலகத்தில். ஸ்லோவாக்கியா நாட்டில் ஷிலினா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. அங்கே ஓடும் எந்திரங்களின் அதிர்வும் சூடும் இணையம் வழியாக இங்கே அவர் திரைக்கு வந்து சேரும். எந்த எந்திரத்தில் எது பழுதாகும் என்று கணித்து ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவது அவர் பிழைப்பு. அதை ஸ்லோவாக் மொழிக்கு மாற்றுவது அன்புக்கரசியின் பிழைப்பு.

கணபதியில் இருக்கிற பெண்ணுக்கு ஸ்லோவாக் எப்படித் தெரியும் என்று கேட்காத ஆள் கிடையாது. எப்படித் தெரியும்? டிப்ளமோ முடித்துவிட்டு ஏழு வருடம் ஷிலினாவில் கார் உதிரிபாகம் சோதிக்கும் வேலையில் இருந்தாள். மேஸ்திரிக்கு ஆங்கிலம் வராது, திட்டு மட்டும் நன்றாக வரும். திட்டில் ஆரம்பித்துக் கற்றுக்கொண்ட மொழி என்பதால் ஆழமாகப் பதிந்துவிட்டது. பிறகு தம்பி தமிழ்வேந்தனையும் அங்கே ஒரு வேலையில் சேர்த்துவிட்டாள். ஊரில் அம்மா வெங்கடம்மாள் குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்ட வருடம், தம்பி அங்கே இருக்க, இவள் திரும்பி வந்துவிட்டாள். இப்போது தாயும் மகளும் ஒரு லேத் பட்டறையின் மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். கீழே இரும்பு சீவுகிற சத்தம் காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் ஆறு மணி வரை ஓயாது. அந்தச் சத்தத்திலேயே அவளுக்கு மொழிபெயர்ப்பும் நடந்தது.

லைக்லிக்கு ஸ்லோவாக்கில் 'பிராவ்தெபோதோப்னே' என்று ஒரு சொல் உண்டு. பிரித்துப் பார்த்தால் 'உண்மையைப் போல இருக்கிறது' என்றுதான் பொருள். உண்மை என்று சொல்லவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை. கிருபாசங்கருக்காகவே செய்துவைத்த மாதிரி இருந்தது. அறுபது வரியிலும் அதையே போட்டு இரண்டு மாதம் அனுப்பினாள்.

மூன்றாம் மாதம் அங்கிருந்து யுராய் எழுதினான். அந்தத் தொழிற்சாலையில் பழுதுபார்க்கும் பிரிவுக்குத் தலைவன் அவன். 'அறுபது வரிக்கும் ஒரே சொல்லைப் போட்டால் நான் எதை முதலில் பிரிப்பது? என்னிடம் இருப்பது நாலே மெக்கானிக். உடைகிறதற்குத் தக்மெர் இஸ்தே என்று எழுதுங்கள். உடையாததற்குச் சொத்வா என்று எழுதுங்கள். நடுவில் தொங்குகிற சொல் எனக்கு வேண்டாம்.' தக்மெர் இஸ்தே என்றால் 'அநேகமாக நிச்சயம்'. சொத்வா என்றால் 'நடப்பது அரிது'. ஏணியின் மேல்படி ஒன்று, கீழ்ப்படி ஒன்று.

அன்புக்கரசி கிருபாசங்கருக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க சார், இதுல எது கட்டாயம் போகும், எது தாங்கும்னு கொஞ்சம் பிரிச்சுக் குடுத்தீங்கன்னா நல்லாருக்குமுங்க."

"எல்லாமே லைக்லிதானுங்க மேடம்."

"அதுல எது ரொம்ப லைக்லி, எது கம்மி லைக்லிங்க?"

"அதையெல்லாம் நானு எழுத்துல குடுத்தா நாளைக்கு என்றகிட்டத்தான கேப்பாங்க. நீங்க அங்க வேல பாத்தவங்க, உங்களுக்குத் தெரியாததா? நீங்களே பாத்துப் போட்டுக்குங்க மேடம்."

மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. பொறுப்பைத் தூக்கி இவள் தலையில் வைத்ததுகூட ஒரு 'ங்க' போட்டுத்தான். இவளுக்கும் எதிர்த்துச் சண்டை போட வராது. யுராயிடம் 'எனக்குத் தெரியாது' என்று எழுதியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அப்படி எழுதினால் மதிப்புக் குறைந்துவிடுமே என்று பார்த்தாள். அறுபது வரியையும் திரையில் விரித்துவைத்துக்கொண்டு முழித்தாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. காங்கேயம் பக்கம் அவர்கள் குலசாமி கோயிலில் எதற்கும் பூப்போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில். இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் குலுக்கிச் சாமிக்கு முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் நல்லது, சிவப்பு வந்தால் ஆகாது. பெண் பார்க்க, கிணறு வெட்ட, மாடு வாங்க, எல்லாவற்றுக்கும் அதுதான். எந்திரத்துக்குக் கேட்டவர்கள் யாரும் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மாடிப்படி ஓரம் தொட்டியில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் இருந்தன. ஒவ்வொன்று பறித்து, பழைய செய்தித்தாளில் மடித்து, கண்ணை மூடிக் குலுக்கி மேசைமேல் போட்டாள். சிவப்பு வந்தால் அந்தப் பாகம் உடையும், தக்மெர் இஸ்தே. வெள்ளை வந்தால் தாங்கும், சொத்வா. ஒரு வரிக்கு ஒரு தடவை. முதல் பத்து வரிக்குச் சிரிப்பாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அடுப்பில் சோறு வேகும்போதே இருபது வரி முடித்துவிடுவாள். யுராய் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினான். இவள் திறமையைப் பற்றி அலுவலகத்தில் நல்ல பேச்சு வந்தது.

ஆறு மாதம் இப்படி ஓடியது. செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, பதினோரு மணி வாக்கில் யுராயிடமிருந்து நீளமாக ஒரு கடிதம் வந்தது.

'உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பொறியாளர் அனுப்பும் ஆங்கில மூலத்தையும் வாங்கிப் பார்த்தேன். எல்லா வரியிலும் அவர் ஒரே சொல்லைத்தான் எழுதியிருக்கிறார். பிரித்தது நீங்கள். ஆறு மாதத்தில் முந்நூற்று நாற்பத்தெட்டு வரி. நூற்று எழுபத்தொன்றுக்குத் தக்மெர் இஸ்தே என்று எழுதியிருந்தீர்கள். நூற்று எழுபத்தொன்றும் உடைந்தன. மற்றவற்றுக்குச் சொத்வா. ஒன்றுகூட உடையவில்லை. உங்களுக்கு எப்படித் தெரிகிறது?'

அதற்குக் கீழே இன்னும் இருந்தது. 'மே மாதம் ஒரு பேரிங்கைப் பற்றி எழுதினீர்கள். பிரித்துப் பார்த்தோம். மாட்டி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஒரு கீறல் இல்லை. சிரித்துக்கொண்டே மூடிவிட்டோம். நாலாம் நாள் இரண்டாகப் பிளந்தது. நேற்று நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏழாம் அழுத்து எந்திரத்தில், கை உள்ளே போகாமல் காக்கும் கைத் தடுப்புக்கு நீங்கள் தக்மெர் இஸ்தே போட்டிருந்தீர்கள். உங்கள் சொல்லை நம்பிக் காலையில் வந்தவுடனே தடுப்பைக் கழற்றிப் புதியதை மாட்டினோம். நானே பக்கத்தில் நின்று நட்டுகளை இறுக முடுக்கச் சொன்னேன். பத்தரைக்கு அது கழன்று விழுந்தது. மிலான் என்று எங்கள் ஆள் ஒருவன், அவனுக்கு இரண்டு விரல் போய்விட்டது.'

அன்புக்கரசி கடிதத்தை மூன்று தடவை படித்தாள். கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து கிருபாசங்கருக்குப் போன் போட்டாள்.

"சார், சும்மா ஒரு சந்தேகங்க. காசு சுண்டிப் போட்டு, தலையா பூவான்னு சொல்லி, முந்நூத்திச் சொச்சம் தடவையும் ஒருத்தருக்குச் சரியா வந்துருமாங்க?"

கிருபாசங்கர் சிரித்தார். "அன்லைக்லிங்க மேடம்," என்றார்.

அன்றோடு பூவை நிறுத்தினாள். அடுத்த கோப்பில் அறுபது வரிக்கும் பழையபடி பிராவ்தெபோதோப்னே போட்டு அனுப்பினாள். யுராய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே அவளுக்குக் கிலியாக இருந்தது. அவனும் பயந்துவிட்டான் என்று தெரிந்தது. அந்த மாதம் சில பாகங்கள் உடைந்தன, சில உடையவில்லை, எல்லா ஊரிலும் நடக்கிற மாதிரி.

தொட்டியில் அரளி மட்டும் நிற்காமல் பூத்தது. அந்தப் பக்கம் துணி காயப்போடுவதையே விட்டுவிட்டாள். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா பயப்பட மாட்டாள், மகளுக்குச் சாமி வாக்கு வந்துவிட்டது என்று சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டுச் சொல்லிவிடுவாள். அது இதைவிடத் தொந்தரவு.

அவள் மனத்தில் ஒரே கேள்விதான் சுற்றியது. பூவுக்கு முன்கூட்டியே தெரிகிறது, அவ்வளவுதானே? நடக்கப் போவது நடக்கிறது, பூ அதைச் சொல்கிறது, நான் அதை எழுதுகிறேன். தபால்காரர் மாதிரி. தபால்காரர்மேல் யாராவது கோபப்படுவார்களா? இப்படித் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி ஒரு மாதிரித் தேறிக்கொண்டாள். சாப்பாடு இறங்கியது, தூக்கமும் வந்தது.

அக்டோபர் கடைசியில் தமிழ்வேந்தன் வேலையிடத்தில் மயங்கி விழுந்தான்.

அவனுக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு ஒன்று பழுதாகியிருந்தது. கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மாதான் பத்து வருடம் பார்த்தார். இப்போது ஷிலினா ஆஸ்பத்திரியில், நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருடம் தாங்குவதே பெரிது என்றார்கள். ஆனால் இந்த உடம்பு அந்த அறுவையைத் தாங்குமா என்று அவர்களுக்குள் இரண்டு கருத்து. முன்பு பார்த்த டாக்டரின் கடிதத்தை ஸ்லோவாக்கில் அனுப்பச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, நம் ஊர் நேரம் இரண்டரைக்கு, எல்லா டாக்டரும் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். தாங்கும் என்று கடிதம் சொன்னால் அறுவை, தாங்காது என்றால் மாத்திரையோடு விட்டுவிடுவார்கள்.

டாக்டரம்மா வியாழன் மாலையே கடிதம் கொடுத்துவிட்டார். இரண்டு பக்கம். வெள்ளி காலையில் உட்கார்ந்து மருந்துப் பெயர், அளவு, பழைய சோதனைகள் எல்லாவற்றையும் வரிசையாக மொழிபெயர்த்துக்கொண்டே போனாள். கடைசி வரிக்கு வந்தபோது விரல் நின்றது. 'இவருடைய உடல் இதய அறுவைச் சிகிச்சையைத் தாங்கும் என்பது லைக்லி.'

அத்தனை சொல் தெரிந்த டாக்டருக்கும் கடைசியில் அகப்பட்டது அதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கிருபாசங்கர் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார்.

மணி பன்னிரண்டரைக்குத் தம்பி வீடியோவில் வந்தான். முகம் வெளுத்திருந்தது. மூக்கில் குழாய்.

"அக்கா, எழுதிட்டியா?"

"எழுதிட்டு இருக்கறேன். நீ பேசாத, படுத்துக்க."

"இங்க நர்ஸ் சொன்னாங்க, உங்க ஊரு டாக்டரு உறுதியாச் சொன்னாத்தான் இவிங்க கத்தி எடுப்பாங்களாம். நீ நிச்சயம்னே போட்டுரு அக்கா. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"டாக்டரம்மா நிச்சயம்னு எழுதலடா."

"எழுதலீன்னா என்ன? உன்ற கையிலதான இருக்குது." சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்துவிட்டது. "சரிக்கா, நீ பாத்துப் போடு. நா அப்புறமா வாரேன்."

இணைப்பு போனது. திரும்பிப் பார்த்தால் அம்மா கைத்தடியை ஊன்றிக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பில் எதையோ மூடிப் பிடித்திருந்தாள்.

"கண்ணு, ஒருக்கா பூப்போட்டுப் பாத்துப்போடலாம்."

"அம்மா, வேண்டாம்."

"ஏஞ் சாமி, குலசாமியக் கேக்காம எதையாச்சும் பண்ணிருக்கமா? கோயிலுக்குப் போவ நேரமில்ல. மனசுல நெனச்சு மடிச்சுக் கொண்டாந்துட்டேன். எடுக்கறது மட்டும் நீ எடு. என்ற கை நடுங்குது."

தலைப்பை விலக்கினாள். காலண்டர் தாளில் மடித்த இரண்டு பொட்டலம். அந்த இடுப்போடு மாடிப்படி ஓரம் வரை தனியாகப் போய்ப் பறித்திருக்கிறாள்.

எடுக்கக் கூடாது என்று அன்புக்கரசிக்குத் தெரியும். நூற்று எழுபத்தொன்றில் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. வெள்ளை வந்துவிட்டால் என்ற ஆசைதான் அவளைக் கவிழ்த்தது. வெள்ளை மட்டும் வந்துவிட்டால் தம்பி சொன்ன மாதிரியே நிச்சயம் என்று எழுதலாம், அது பொய்கூட இல்லை, நிம்மதியாகச் சோறு தின்னலாம். கையை நீட்டி இடது பக்கப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

செவ்வரளி.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை அவளுக்கு.

"ஆப்பரேசன் வேண்டாம்னு எழுதிப்போடு கண்ணு. தாங்காதுன்னு எழுதிப்போடு. மாத்தர தின்னுக்கிட்டு எத்தன நாளைக்கு இருக்கறானோ அத்தன நாளைக்கு இருந்துட்டுப் போறான். என்ற பையன அவிங்க கீற வேண்டாம்."

"மாத்திரையில ஒரு வருசங்கூடத் தாங்காதுங்கறாங்கம்மா."

"ஒரு வருசம் இருப்பானல்லோ? நாளைக்கே போறதுக்கு அது மேலு."

மணி ஒன்று நாற்பது. மகள் திரையின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். எழுதுவதற்கு மூன்று சொல் இருந்தன. தம்பி கேட்ட சொல் பொய். பூ சொன்னபடி எழுதினால் சொத்வா, தாங்குவது அரிது; பூ ஒருநாளும் பொய்த்ததில்லை. டாக்டரம்மா எழுதிய சொல் யாருக்கும் உதவாத நடுச்சொல்.

பூவுக்குத்தான் தெரியும் என்று அவள் நம்பினாள். முந்நூற்று நாற்பத்தெட்டு தடவை கண்ணால் பார்த்த பிறகு நம்பாமல் என்ன செய்வாள்? அம்மா சொன்னபடி எழுதிவிடுவோம், ஒரு வருடமாவது மிஞ்சட்டும் என்று விசைப்பலகையில் கை வைத்தாள். முதல் எழுத்தை அடித்தாள். இரண்டாவது எழுத்து வரவில்லை.

அவர்கள் வீட்டில் யாரும் கிளம்பும்போது போறேன் என்று சொல்ல மாட்டார்கள், வாரேன் என்றுதான் சொல்வார்கள். அரிசி தீர்ந்துபோனால் நிறைந்திருக்கிறது என்பார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்பார்கள். கெட்டதை வாயால் சொன்னால் அது காதில் விழுந்து ஓடி வந்துவிடும் என்று பயம். படித்தவள், வெளிநாடு பார்த்தவள், இதையெல்லாம் சிரித்துத் தள்ளியவள்தான். ஆனால் தம்பி பெயர் இருக்கிற கடிதத்தில், அவன் உடம்பு தாங்காது என்கிற சொல்லை அடிக்க அவள் விரல் மறுத்தது. அடித்த எழுத்தை அழித்தாள். மறுபடி அடித்தாள், மறுபடி அழித்தாள்.

இரண்டே காலுக்குப் பிராவ்தெபோதோப்னே என்று அடித்து அனுப்பிவிட்டாள். உண்மையைப் போல இருக்கிறது. டாக்டர் எழுதியது அதுதான், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

"என்ன எழுதுன?" என்று கேட்டாள் அம்மா.

"டாக்டரம்மா எழுதுனதத்தானுங்கம்மா எழுதினேன்."

"பூவு சொன்னது?"

"அத எழுதல."

அதன் பிறகு அம்மா அவளோடு பேசவில்லை. அங்கே டாக்டர்கள் பேசிப் பேசி அறுவை செய்வது என்று முடிவெடுத்தார்கள். திங்கட்கிழமை காலை உள்ளே கொண்டுபோனார்கள். நம் ஊரில் அப்போது மதியம். ஆறு மணி நேரம் ஆகும் என்றிருந்தார்கள்.

அந்த ஆறு மணி நேரமும் அன்புக்கரசி மேசையைவிட்டு எழவில்லை. கண்ணை மூடினால் செவ்வரளிதான் தெரிந்தது. பூ சொன்ன பிறகும் தம்பியைக் கத்திக்குக் கொடுத்துவிட்டோம், ஒரு சொல்லை எழுதத் தைரியம் இல்லாமல் அவனைக் கொன்றுவிட்டோம் என்று இருந்தது. அவன் சட்டைகள் ஷிலினா அறையில் கொடியில் தொங்குமே, அவற்றை யார் மடித்து எடுத்து வருவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டாள். லேத் சத்தம் ஆறு மணிக்கு நின்றபோது வீடு தாங்க முடியாத அமைதியாகிவிட்டது. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஏழு மணிக்கு முன்பே போன் வந்தது. தம்பியோடு அறையில் இருக்கிற சாமுவேல் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். நாகர்கோயில் பையன். மூச்சிரைக்கப் பேசினான்.

"அக்கா, நல்லபடியா முடிஞ்சுட்டு அக்கா! டாக்டர் வெளியே வந்து சொன்னாரு. வால்வு நல்லா வேலை செய்யுதாம். நாளைக்கு முழிச்சிருவானாம்."

அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அம்மா தடியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்து வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். மூன்று நாள் பேசாதிருந்ததெல்லாம் கண்ணீராகக் கொட்டியது. சிரிப்பும் அழுகையுமாக மகள் முகத்தை வழித்து முத்தம் கொடுத்தாள்.

"பூவு பொய் சொல்லிப்போடுச்சு கண்ணு! சாமியே பொய்யாப் போயிருச்சு பாரு! நீ எழுதாம உட்டது நல்லதாப் போச்சு. எழுதியிருந்தீன்னா என்ற பையன் என்ன ஆயிருப்பான்!"

அன்புக்கரசியும் அழுதாள். சந்தோஷம்தான், இல்லை என்று யார் சொல்வது. தம்பி பிழைத்துவிட்டான். அம்மாவின் தோளில் முகம் வைத்து அழுதுகொண்டிருக்கும்போதே அம்மா கடைசியாகச் சொன்னது காதில் திரும்ப ஓடியது. அழுகை நின்றுவிட்டது.

பூ பொய் சொன்னது. முந்நூற்று நாற்பத்தெட்டு தடவை பொய் சொல்லாத பூ, ஒரே ஒரு தடவை சொன்னது. அந்த ஒரு தடவைதான் அவள் அதை எழுதவில்லை.

கணக்கு அவளுக்கும் தெரியும். ஒன்றை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனாலும் உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. பூவுக்கு எதுவும் முன்கூட்டியே தெரிந்திருக்கவில்லை. அது வெறும் பூ, தொட்டியில் பூத்தது. பேரிங் பிளந்தது பூவால் இல்லை. கீறல் இல்லாத பேரிங், முடுக்கிய தடுப்பு, எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, அவள் எழுதும் வரை. அவள் தபால்காரர் இல்லை. கடிதமே அவளுடையது.

அம்மா போனை வாங்கிச் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்லத் தொடங்கினாள். அன்புக்கரசி மேசைக்குப் போய்ப் பழைய கோப்புகளைத் திறந்து, ஏழாம் அழுத்து எந்திரத்தின் வரியைத் தேடினாள். முப்பத்தெட்டாம் வரி. கைத் தடுப்பு, தக்மெர் இஸ்தே. அதை எழுதிய நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. எதுவும் தடுத்ததாக நினைவில்லை, விரல் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. ஒருவேளை அடுப்பில் குக்கர் விசில் அடித்திருக்கும். தன் தம்பிக்கு எழுதக் கைவராத சொல், முகம் தெரியாத ஒருத்தனுக்கு எவ்வளவு சுலபமாக வந்திருக்கிறது.

உள்ளே அம்மா யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "என்ற மகதானுங்க காப்பாத்துனா. அவ எழுத்துதானுங்க காப்பாத்துச்சு."

அன்புக்கரசி யுராய்க்கு ஒரு கடிதம் எழுதினாள். மன்னிப்புக் கேட்கத்தான் ஆரம்பித்தாள். எதற்கு மன்னிப்பு, எப்படிச் சொல்வது, பூவைச் சொல்வதா, சோறு வெந்ததைச் சொல்வதா? எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் ஒரே வரிதான் மிஞ்சியது. 'மிலானுக்கு விரல் போனது எந்தக் கையில்?'

அங்கே இன்னும் பகல்தான். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

'வலது கை. இப்போது இடது கையால் எழுதிப் பழகுகிறான். ஏன் கேட்கிறீர்கள்?'

அவள் விசைப்பலகையின் மேல் வைத்திருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாப்பிட வரச் சொல்லி அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். வாரேன் என்று மட்டும் சொன்னாள், எழுந்து போகவில்லை.